தள்ளுகோல் நுனியில் ஒரு பொட்டு

2005ஆம் ஆண்டு டிசம்பர் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. விடாது பெய்த மழை முந்தைய நாள்தான் ஓய்ந்திருந்தது. வானம் வெளுத்திருந்தது, ஆயினும் காற்றில் ஈரம் குறையவில்லை. கொளவாய் ஏரி தண்டவாளக் கரைவரை ததும்பி நின்றமையால், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டிகள் ஊர்ந்தே சென்றன.

அன்று காலை பத்தரை மணிக்கு, பொத்தேரிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில், வேண்டா என்னும் நாற்பத்திரண்டு வயது உதவியாளர், பரணிதரன் என்னும் ஆய்வு மாணவரிடம் ஓர் உதவி கேட்டார்.

"தம்பி, ஒரே ஒரு வாட்டி மாங்கனீசு சேக்காம வெறும் வெள்ளத் தூள மட்டும் வெச்சி ஓட்டிப் பாக்கறியா?"

பரணிதரன் சிரித்துவிட்டார். "இன்னாக்கா, அரிசியே போடாம ஒலை வெச்சா சோறு வருமா?"

"வராது. வரலன்னு பாத்துக்கலாமில்ல."

அந்தக் கேள்விக்குப் பின்னால் நான்கு நாள் உறக்கமின்மை இருந்தது என்பதைப் பரணிதரன் அப்போது அறியார். அதனை விளக்க, வேண்டாவின் வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மதுராந்தகம் ஏரியின் நீரால் விளையும் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தின் ஐந்தாவது பெண்ணாக அவர் பிறந்தார். இனிப் பெண் வேண்டாம் என்று கருதியோர் அந்நாளில் வைத்த பெயர் அது. அவருடைய பள்ளியில் அதே பெயருடன் மேலும் இருவர் இருந்தமையால் அவர் அதற்காக வருந்தியதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபின், மறைமலைநகர்ப் பக்கம் இருந்த ஒரு மருந்து நிறுவனத்தில், குளுக்கோஸ் நீர் நிரப்பும் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவும் பணியில் 1988இல் சேர்ந்தார்.

புட்டி கழுவுதல் எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. சவர்க்கார நீர், அமில நீர், காய்ச்சி வடித்த நீர் என மூன்று முறை கழுவிய பின், புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நீரை வழியவிட வேண்டும். நீர் முத்து முத்தாகத் திரண்டால் கண்ணாடியில் எண்ணெய்ப் பசை எஞ்சியுள்ளது. ஒரே படலமாக, கிழியாத துணிபோல் இறங்கினால் அது தூயது. பதினோராண்டுகள் நாளொன்றுக்கு அறுநூறு புட்டிகளில் வேண்டா அந்தப் படலத்தைப் பார்த்தார். அங்கே மற்றொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு புட்டியில் மருந்து எதுவும் சேர்க்காமல் வெறும் நீரை நிரப்பிச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதிலும் குறை தென்பட்டால் தவறு மருந்தினுடையதன்று, புட்டியினுடையது. "வெறும் புட்டி" என்றே அதற்குப் பெயர்.

1999இல் ஒரு காலையில் அவர் சாப்பாட்டு டப்பாவுடன் சென்றபோது நிறுவனத்தின் வாயில் பூட்டியிருந்தது. மீண்டும் அது திறக்கப்படவேயில்லை. நாளையும் வரலாம் என்று உறுதி கூறும் ஒரு தாள் தம் கையில் இல்லாமற்போனதே அன்று தமக்குப் பெரிதாகப் பட்டது என்று பின்னாளில் அவர் என்னிடம் கூறினார். அவரும் நானும் செங்கல்பட்டில் ஒரே தெருவில் வசிப்பவர்கள்.

2001இல் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளர் பணி கிடைத்தது. ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் வசுமதி. வேண்டா கழுவி அடுக்கிய கண்ணாடிக் கலங்களை ஒருநாள் அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி இந்த அறையின் கண்ணாடிகளை வேறு யாரும் தொடக்கூடாது என்று கட்டளையிட்டாராம்.

அங்கு நடந்துகொண்டிருந்த ஆய்வினை எனக்கு விளங்கிய அளவில் கூறுகிறேன். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வானொலி முதல் கணினிவரை எல்லாம் அந்த மின்னூட்டத்தை ஓடவிட்டும் தடுத்தும் இயங்குபவை. ஆனால் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்று மற்றொரு பண்பும் உண்டு. பம்பரத்தைப்போல் அது மெய்யாகவே சுழல்வதன்று. எனினும் ஒவ்வோர் எலக்ட்ரானும் கண்ணுக்கு எட்டாத ஒரு காந்தமாக, மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கிறது. அந்த இரு நிலைகளையே எழுத்தாகக் கொண்டு செய்தியை எழுதவும் படிக்கவும் முயலும் துறைக்கு ஸ்பின்ட்ரானிக்ஸ் என்று பெயர். கணினியின் வன்தட்டைப் படிக்கும் முனை அந்நாளிலேயே இப்பண்பைக் கொண்டு இயங்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் நின்ற பின்னும் மறவாத நினைவகங்களும், இன்றுள்ளவற்றைவிடக் குறைவாகச் சூடேறும் கணினிகளும் இதிலிருந்து பிறக்கக்கூடும் என்று அறிஞர்கள் நம்பினர். ஒரு மணல் துகளுக்குள் அடங்கும் எலக்ட்ரான்களை எண்ணத் தொடங்கினால் மனித இனம் முழுவதும் கூடி எண்ணினாலும் ஆயுள் போதாது. அவை ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்கத் துணிந்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இதற்கு ஒரு தடை இருந்தது. மின்னணுக் கருவிகளுக்குக் குறைகடத்தி வேண்டும். தற்சுழற்சிகளை ஒருமுகப்படுத்தக் காந்தம் வேண்டும். சாதாரண அறை வெப்பநிலையில் இரண்டுமாக இருக்கும் ஒரு பொருளை உலகின் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருந்தன. துத்தநாக ஆக்சைடு, அதாவது சொறிக் களிம்பில் கலக்கும் அதே வெள்ளைத் தூள், சிறிது மாங்கனீசு சேர்த்தால் அவ்வாறு மாறலாம் என்று ஒரு நம்பிக்கை நிலவியது. பரணிதரனின் ஆய்வு அதுவே. அவர் கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவர். தந்தை அணு ஆராய்ச்சிப் பணியாளர்.

அவர் வேலை செய்யும் முறை இது. வெள்ளைத் தூளையும் மாங்கனீசுத் தூளையும் சேர்த்து அரைத்து, அழுத்தி, ஒரு வில்லையாக்குவார். அதனைப் படகு வடிவில் உள்ள விரல்நீளப் பீங்கான் தட்டில் வைப்பார். அந்தப் படகை உலையினூடே செல்லும் குவார்ட்ஸ் குழாய்க்குள் நீண்ட தள்ளுகோல் ஒன்றால் தள்ளுவார். கோலின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். அது படகின் உட்புற விளிம்பைப் பற்றிக்கொள்ளும். பின்னர்க் கோலை வெளியே எடுத்துவிட்டு, குழாயில் ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் செலுத்தி, பல மணி நேரம் சூடேற்றுவார். வில்லை ஆறிய பின் காந்தமானியில் வைத்து அளப்பார். பொருள் காந்தமாக இல்லாவிடில் திரையில் சாய்ந்த நேர்கோடு ஒன்று தோன்றும். காந்தமாக இருந்தால் கோடு போன வழியே திரும்பாமல், சற்று விலகித் திரும்பி, மெல்லிய வேப்பிலை போன்ற வடிவத்தை வரையும். ஆய்வகத்தில் எல்லோரும் அதனை இலை என்றே அழைத்தனர்.

பதினான்கு மாதங்களில் இருபத்தொரு வில்லைகள். இருபத்தொன்றும் நேர்கோடு.

2005 அக்டோபர் பதினொன்றாம் நாள் ஆயுத பூசை. பேராசிரியர் வசுமதி பெரிதாகச் சடங்குகளில் ஈடுபாடு உள்ளவர் அல்லர். ஆயினும் அந்த ஒரு நாள் ஆய்வகம் வேண்டாவின் பொறுப்பு. உலை, தராசு, அரைக்கும் கல்வம், காந்தமானி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். அரிவாளுக்கு நுனியில் பொட்டு வைப்பது அவருடைய ஊர் வழக்கம். ஆகவே தள்ளுகோலுக்கும் நுனியில், கொக்கியின் வளைவில், சந்தனத்தைக் குழைத்து இட்டு அதன்மேல் குங்குமம் வைத்தார். பூசையில் வைத்த பொட்டைத் துடைக்கலாகாது; அது தானாக உதிர வேண்டும். நீரின் படலத்தில் ஓர் ஊசிமுனைப் பிசுக்கையும் கண்டுபிடிக்கும் அந்தக் கண்களுக்குப் பொட்டு அழுக்காகத் தோன்றவில்லை. ஆய்வகத்தில் வேறு எவர் கண்ணுக்குமே அது தோன்றவில்லை. ஆண்டுதோறும் எல்லாக் கருவிகளிலும் இருப்பதுதானே?

அடுத்த வாரம் இருபத்திரண்டாவது வில்லை இலையை வரைந்தது.

பரணிதரன் காந்தமானியை மூன்று முறை மீண்டும் ஓட்டினார். மூன்று முறையும் இலை. அதே வாரத்தில்தான் அவர் சூடேற்றும் நேரத்தை ஆறு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரமாக உயர்த்தியிருந்தார். காரணம் அதுவே என்று முடிவு செய்யப்பட்டது. அடுத்தடுத்த ஏழு வில்லைகளிலும் இலை தோன்றியது. பேராசிரியர் ஆய்வகம் முழுவதற்கும் இனிப்பு வாங்கி வரச் செய்தார். ஆய்வுக் கட்டுரை எழுதி முடிக்கப்பட்டு, டிசம்பர் ஒன்பதாம் நாள் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பப்படுவதாக இருந்தது. அதே நாளில், அந்த வெற்றியைக் குறிப்பிட்டு, வேண்டாவின் பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கும் கடிதம் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லும் என்று பேராசிரியர் தாமே கூறியிருந்தார்.

டிசம்பர் முதல் நாள், வியாழக்கிழமை மாலை, தள்ளுகோலை அதன் இடத்தில் மாட்டும்போது வேண்டாவுக்கு ஓர் ஐயம் எழுந்தது. தாம் வைத்த பொட்டு படகுக்குள் சேர்கிறதோ என்பதே அந்த ஐயம். அது எவ்வாறு எழுந்தது என்று அவர் அப்போது யாரிடமும் கூறவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் முதல் மழை. வீட்டுக்குள் முடங்கிய நாள்களில் அவர் கணவர் ராஜாராமிடம் மட்டும் கூறினார். ஷேர் ஆட்டோ ஓட்டும் ராஜாராம் நடைமுறை அறிந்தவர். ஈரத்துணியால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்படி அவர் அறிவுரை கூறினார். அது நடக்கக்கூடியதே. துடைத்துவிட்டால் சான்று எதுவும் எஞ்சாது, கட்டுரை போகும், கடிதமும் போகும், நாளையும் வரலாம் என்று கூறும் தாள் கைக்கு வரும். அடுத்த வில்லை ஏன் நேர்கோடானது என்று பரணிதரன் ஓராண்டு தலையைச் சொறிந்துகொண்டிருப்பார், அவ்வளவே.

வேண்டா கணவருக்கு அளித்த விடையை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "அவன் எழுதனத வேற ஊர்ல எவனாச்சும் படிச்சிட்டு, அதே மாதிரி வேக வெச்சிகினு ஒக்காந்துனு இருப்பான். அவங்கிட்ட இந்தப் பொட்டு இருக்காதே. அவன் இன்னா பண்ணுவான், பாவம்."

திங்கட்கிழமை அவர் வெறும் புட்டியைக் கேட்டார். பரணிதரன் கேலி செய்தாலும் மறுக்கவில்லை. மாங்கனீசு சேர்க்காத தூய வெள்ளை வில்லை ஒன்று, அதே படகில், அதே கோலால் தள்ளப்பட்டு, அதே எட்டு மணி நேரம் சூடேறியது.

செவ்வாய்க்கிழமை காலை, காந்தமாக இருக்கவே முடியாத அந்த வில்லை, திரையில் மெல்ல மெல்ல ஓர் இலையை வரைந்தது.

பரணிதரன் கருவி பழுதென்று கூறினார். கருவியைச் சரிபார்த்தார், பழுதில்லை. அப்போது வேண்டா தள்ளுகோலைக் கையில் எடுத்து வந்து, அதன் கொக்கியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது நான் வெச்ச பொட்டு தம்பி. சந்தனத்தோட ஒட்டிகினு கீது பாரு. தள்ளும்போது படகுல தேயிது."

பரணிதரன் கோலை வாங்கி அந்தக் கொக்கியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்தார். "ஏழு வாரம் சந்தோசமா இருந்தேங்க்கா" என்று மட்டும் கூறினார்.

கோலைக் கழுவி, நீர் படலமாக இறங்குவதைப் பார்த்தபின், புதிய படகில் மற்றொரு தூய வில்லை ஏற்றப்பட்டது. புதன்கிழமை அது நேர்கோட்டை வரைந்தது. அதன் பிறகே வேண்டா பேராசிரியரின் அறைக்குச் சென்றார். பரணிதரன் உடன்வர முன்வந்தும் அவர் தனியாகவே சென்றார். நடந்ததை வரிசையாகக் கூறினார். குற்றம் தம்முடையதென்றும் கூறினார். பேராசிரியர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். முடிவில், குங்குமம் மீதமுள்ளதா என்று மட்டும் கேட்டார். வழக்கமான கடையை விட்டு அவ்வாண்டு மட்டும் தொடர்வண்டி நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் வாங்கிய சிறு பொட்டலம் பூசை மாடத்தில் அப்படியே இருந்தது.

அதில் ஒரு சிட்டிகையைப் படகில் இட்டு உலைக்குள் செலுத்தினர்.

வியாழக்கிழமை காலை படகு வெளியே வந்தபோது சிவப்பின் சுவடே இல்லை. கரிபோல் கறுத்த பொடி கிடந்தது. பேராசிரியர் ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி அதன் அருகே கொண்டுசென்றார். ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும்போதே பொடி அசைந்தது. துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்து, மயிர்போல் எழுந்து நின்று, பின் தாவித் தாளில் ஒட்டிக்கொண்டன. அறையில் ஐந்தாறு பேர் கூடியிருந்தனர். நெற்றியில் தினமும் இட்டுக்கொண்ட பொருள் அது. வேண்டாவின் கை தானாகவே தம் நெற்றிக்குச் சென்றது.

முதலில் பேசியவர் பரணிதரன். "இது எங்க ஊரு மணலுக்கா" என்றார்.

சிறுவயதில் அவர் காந்தத்தை நூலில் கட்டி, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினக் கடற்கரையில், டச்சுக் கோட்டைக்கு எதிரே இழுத்துச் செல்வாராம். அலை ஒதுக்கிய கறுப்பு மணல் இவ்வாறே மயிர்போல் ஒட்டுமாம். பேராசிரியர் அதனை விளக்கினார். மஞ்சளில் செய்யும் நல்ல குங்குமத்தில் இரும்பு இராது. மலிவான குங்குமத்தில் நிறத்துக்காகக் காவிப்பொடி சேர்ப்பதுண்டு. காவி என்பது இரும்பின் துருவே. ஹைட்ரஜனில் சூடேறும்போது அது தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து காந்தக்கல்லாக மாறிவிடுகிறது. கடல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையிலிருந்து அரித்துக் கரையில் சேர்த்த அதே பொருளை, அந்த உலை ஒரு பொட்டிலிருந்து எட்டு மணி நேரத்தில் செய்திருந்தது. பரணிதரனின் இலையை வரைய எவ்வளவு போதுமென்று கணக்கிட்டபோது, ஒரு கடுகை இருநூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு என்று விடை வந்தது.

கட்டுரை அனுப்பப்படவில்லை. பரிந்துரைக் கடிதமும் அந்த வாரம் செல்லவில்லை. அதில் குறிப்பிட்டிருந்த வெற்றி இல்லாமற்போனமையால் அதனைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. வேண்டாவைப் பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் நிரந்தரப் பணி ஆணை வர மேலும் பத்தொன்பது மாதங்கள் ஆயின. அக்காலம் முழுவதும் ஒவ்வொரு நாள் காலையும் ஆய்வகக் கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்த பின்னரே படியேறியதாக அவர் கூறினார். பரணிதரன் ஒன்பது நாள்கள் அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பத்தாம் நாள், புதிய வில்லையுடன் ஒரு வெறும் வில்லையையும் தாமாகவே தயாரித்து, "அக்கா, ஒன் வெறும் புட்டி ரெடி" என்று நீட்டினார். அதன்பின் அந்த ஆய்வகத்தில் வெறும் வில்லை இன்றி எந்த அளவும் எடுக்கப்படவில்லை.

2006இல் அவர்கள் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். கையாளும் கருவிகளில் ஒட்டிய இரும்பு, இல்லாத காந்தத்தை இருப்பதாகக் காட்டும் என்பதே அதன் சாரம். அதன் கடைசி வரியில் நன்றி கூறப்பட்டோருள் வேண்டாவின் பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் தம் பெயரை மட்டும் படிக்கத் தெரிந்த அவர், அந்தத் தாளைக் குடும்ப அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். எனக்குக் காட்டியபோது, அந்த ஐந்து எழுத்துகளின்மேல் விரல் படாமல் அருகில் மட்டும் சுட்டினார்.

2008 பிப்ரவரியில் பரணிதரனின் வாய்மொழித் தேர்வு பொதுவெளியில் நடந்தது. யாரும் வரலாம் என்பதால் பின்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். நான்கு மாதங்களுக்கு முன்புதான் இத்துறையின் தொடக்கக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தமையால் அரங்கம் நிறைந்திருந்தது. அவருடைய ஆய்வேட்டின் முடிவு, தூய்மையாகக் கையாண்டால் தாம் செய்த பொருள் அறை வெப்பநிலையில் காந்தமாக இராது என்பதே. நேர்கோடுகள் நிறைந்த அந்தப் படங்களை அவர் சற்றும் தயங்காமல் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் ஜெபகுமார் ஆய்வேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். கோலின் நுனியில் உள்ள பொட்டை ஐயுற வேண்டும் என்று முதலில் எப்படித் தோன்றியது என்று வினவினார்.

"எனக்குத் தோணல சார்" என்றார் பரணிதரன். "தோணினவங்க பின்னால நிக்கறாங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. இடைவேளைக்கான தேநீர்க் குடுவையுடன் வேண்டா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஜெபகுமார் தம் நாற்காலியை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு, இரண்டாண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்காத அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதும்மா?"

வேண்டா குடுவையைக் கீழே வைத்தார்.

"பொட்டு நாளுக்கு நாள் சின்னதாயிகினே வந்திச்சி சார். யாரும் தொடைக்கல. அப்ப அது எங்கனா போயிருக்கணுமில்ல."